அமாவாசையன்று திறக்கட்டும் கல்லூரி நூலகம்

பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் கிருஷ்ணாபுரத்தில் பிரிந்தால் அரும்பாவூர். காலை நேரத்தில் ஊருக்குள் போகும் பேருந்தில் உட்கார இடம் தாராளமாகக் கிடைக்கிறது. எதிரே வரும் பேருந்துகளில்தான் நெரிசல். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கல்லூரிப் பிள்ளைகள் படிக்கட்டுவரை நிற்கிறார்கள். காலையில் வெளியே போகும் இந்தப் பிள்ளைகள் மாலையில் திரும்பி வருகிறார்கள். அவர்கள் போகிற கல்லூரியில் ஒரு நூலகம் இருக்கிறது. அவர்கள் புறப்படுகிற ஊரில் ஒரு பெரும் கலை இருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் ஏதாவது போக்குவரத்து உண்டா என்று பார்க்கத்தான் போனேன்.

பச்சைமலை அடிவாரத்துப் பேரூராட்சி இது. ஏரிப் பாசனத்தில் நெல், மேட்டு நிலத்தில் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும். இவற்றைத் தாண்டி வெளியூரில் இந்தப் பெயரைச் சொன்னால் கோயில் நிர்வாகிகளுக்கு உடனே நினைவுக்கு வருவது மரச்சிற்பம். தேர் செய்ய வேண்டுமா, வாகனம் செய்ய வேண்டுமா, பழைய தேரில் உளுத்துப்போன பொம்மையை மாற்ற வேண்டுமா, அரும்பாவூர் ஸ்தபதியிடம் ஆள் அனுப்புவார்கள். 2020-இல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கும் அதே சமயத்தில்தான் கிடைத்தது.

பட்டறையில்

நான் நுழைந்த பட்டறை, தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. வாசலில் பட்டை உரிக்காத வாகைக் கட்டைகள் அடுக்கியிருந்தன. மா, வேம்பு, தூண் வேலைக்கென்று தனியாக ஒதுக்கிய கட்டைகள் என்று உள்ளே பிரித்து வைத்திருந்தார்கள். சில கட்டைகளின் வெட்டுமுகத்தில் சாக்பீஸால் ஊர்ப்பெயர் எழுதியிருந்தது. அந்தக் கட்டை எந்த ஊர்க் கோயிலுக்குப் போகிறது என்ற குறிப்பு அது.

“வாங்க சார், உக்காருங்க. தூசு கெடக்கும், பாத்துக்குங்க” என்றார் பட்டறைக்காரர். அறுபதை ஒட்டிய வயது. உட்காரக் கொடுத்த முக்காலியை மேல்துண்டால் தட்டிவிட்டார். எதிரே பாதி முடிந்த ஒரு யாளி, வாய் மட்டும் திறந்திருந்தது.

ஒரே கட்டையில் முழு உருவத்தையும் எடுப்பதுதான் இந்த ஊர் வேலைக்குப் பெயர் வாங்கித் தந்தது. துண்டு துண்டாகச் செதுக்கி ஒட்டினால் மரம் மிச்சமாகும். ஆனால் ஒட்டில்லாத வேலைக்குத்தான் மதிப்பு. கட்டையை முதலில் நிழலில் காயவிடுகிறார்கள். பிறகு தாலக் கணக்கில் அளவு பிரித்து, முகத்தின் நீளத்தை ஓர் அலகாக வைத்து உடம்பை வகுக்கிறார்கள். எந்தத் தெய்வத்துக்கு எத்தனை தாலம் என்பது மனப்பாடம். அதன் பிறகுதான் கொட்டாப்புளியும் உளியும் இறங்கும். பருவெட்டு வேலையை இளைஞர்கள் செய்கிறார்கள். முகம் திறக்கும் வேலை மட்டும் பெரியவர் கைக்கு வருகிறது.

தேரைப் பற்றிக் கேட்டேன். தரையில் கிடந்த மரச்சீவலைக் காலால் ஒதுக்கிவிட்டு, உளிமுனையால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். சக்கரத்துக்கு மேல் பூதப்பார். அதன்மேல் சிறு உறுதலம், பெரிய உறுதலம். பிறகு நடகாசனம், விமாசனம், தேவாசனம், உச்சியில் சிம்மாசனம். ஒவ்வொரு தட்டிலும் எந்தெந்த உருவம் வரலாம், எது எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார். எந்த ஆகமப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டால், “எங்க அப்பா சொல்லிக் குடுத்தது” என்கிறார். அப்பா வைத்திருந்த அளவு நோட்டு ஒன்று இருக்கிறது. நீலத் துணியில் சுற்றி, சாமி அலமாரியில் வைத்திருக்கிறார். பென்சில் கோடுகள் மங்கத் தொடங்கிவிட்டன. சில பக்கங்களின் ஓரம் எண்ணெய்க் கறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தேருக்கும் அச்சின் நீளம், தட்டுகளின் உயரம், கூலிக்கணக்கு, மரம் வாங்கிய இடம் எல்லாம் அதில் உண்டு. பெரம்பலூர் மாவட்டத்தின் கைத்தொழில் வரலாற்றை எழுத நினைக்கும் எவருக்கும் முதல் ஆவணம் அந்த நோட்டுதான். அதைப் பற்றி எந்த நூலகப் பட்டியலிலும் ஒரு வரி கிடையாது.

பட்டறையின் மூலையில் பருவெட்டு வேலை செய்துகொண்டிருந்த பையனுக்கு அன்று வகுப்பு இல்லை. பி.காம். இரண்டாம் ஆண்டு. பெரியவரின் தங்கை மகன். “மாமா கூட லீவுல வந்துருவேன் சார்” என்றான். உளி பிடிக்கத் தெரியும் என்பது கல்லூரியில் தெரியுமா என்று கேட்டேன். “தெரியாது சார். சொன்னதில்ல.” நூலகத்துக்குப் போவாயா என்றதற்கு, சிரித்துக்கொண்டே, “நோ டியூ வாங்கப் போவேன்” என்றான். பருவத்தேர்வுக்கு முன்னால் புத்தகப் பாக்கி எதுவும் இல்லை என்று நூலகத்தில் கையெழுத்து வாங்க வேண்டும், அதற்காக. புதிய உருவத்துக்கு மாதிரி வேண்டுமென்றால் கைப்பேசியில் தேடுகிறான். பின்டரெஸ்டில் வரும் படங்களில் பாதி வடநாட்டுப் பாணி, பாதி இயந்திரம் செதுக்கியவை. “அதப் பாத்து செஞ்சா மாமா திட்டும்” என்றான்.

736.4 இருக்க வேண்டிய தட்டு

மறுபடியும் பேருந்து ஏறி, மாவட்டத்தில் உள்ள ஒரு கல்லூரியின் நூலகத்துக்குப் போனேன். கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. தமிழ்நாட்டின் நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் எதை எடுத்தாலும் இதே காட்சிதான். வாசலில் செருப்பு விடும் பலகை, வருகைப் பதிவேடு, பையை வெளியே வைக்கச் சொல்லும் அறிவிப்பு. உள்ளே சுத்தமாகத் துடைத்த மேசைகள். போட்டித்தேர்வு நூல்கள் இருக்கும் அடுக்கில் மட்டும் முனை கிழிந்த புத்தகங்கள், மற்ற அடுக்குகளில் புதிது போலவே நிற்கும் தடித்த பாடநூல்கள்.

நூலகங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் டூவி பகுப்பில் மரச்சிற்பத்துக்கு 736.4 என்று ஓர் எண் உண்டு. அந்த எண்ணைத் தேடிப் போனேன். 720-இல் கட்டடக்கலை நூல்கள் இரண்டு மூன்று. அடுத்து நேராக 790-க்குத் தாவி விளையாட்டு விதிகள். நடுவே ஒன்றும் இல்லை. உலகம் முழுக்க மரச்சிற்பத்துக்கென்று ஒதுக்கிய எண், மரச்சிற்பத்துக்காகவே பெயர் வாங்கிய ஊரின் மாவட்டத்தில், நான் பார்த்த அடுக்கில் காலியாக இருந்தது.

நூலகர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். ஊர்மக்களை உள்ளே அழைத்து நிகழ்ச்சி நடத்த ஆசை இல்லாமல் இல்லை, ஆனால் யார் கேட்கிறார்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பு பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்த ஏழு அளவுகோல்களில் நூலகம் நான்காவதில் வருகிறது, ‘உள்கட்டமைப்பும் கற்றல் வளங்களும்’ என்ற தலைப்பில். கட்டடம், கணினி, விளையாட்டுத் திடலோடு நூலகமும் ஒரு வசதி. அங்கே கேட்கப்படும் கேள்விகள்: நூலகம் கணினிமயமா, மின்னிதழ்ச் சந்தா உண்டா, புத்தகத்துக்கு எவ்வளவு செலவிட்டீர்கள், நாளொன்றுக்கு எத்தனை ஆசிரியர்களும் மாணவர்களும் வந்தார்கள். ஊர்மக்களோடு செய்யும் பணி மூன்றாவது அளவுகோலில், ‘விரிவாக்கம்’ என்ற பெயரில், தனியாக இருக்கிறது. அந்தப் பகுதியை நிரப்புவது நாட்டுநலப்பணித் திட்டத்தின் வேலை.

இதனால் என்ன ஆகிறது? பட்டறைக்காரர் ஒருவர் நூலகத்துக்கு வந்து ஒருநாள் முழுக்க உட்கார்ந்து படித்தாலும், ஆசிரியர்–மாணவர் வருகைக் கணக்கில் அவர் சேரமாட்டார். நாட்டுநலப்பணித் திட்ட மாணவர்களோ இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும், ஏழு நாள் சிறப்பு முகாமும் முடிக்க வேண்டியவர்கள். அவர்கள் கிராமத்துக்குப் போய்க் கோயில் வளாகத்தைப் பெருக்குகிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள், பேரணி நடத்துகிறார்கள். அதே கோயிலின் தேரில் இருக்கும் சிற்பங்களைப் படமெடுத்துப் பட்டியலிட வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய நூலகர் வேறு அளவுகோலில் இருக்கிறார்.

நம்மிடம் இல்லாத பழக்கமா?

ஊர்மக்களும் கல்வி நூலகமும் ஒருவரையொருவர் தேடிப் போவது மேல்நாட்டிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டிய யோசனை என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த மாவட்டத்தின் கதையே வேறு. உ.வே.சாமிநாதையர் 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்வதற்கு முன்னால் தமிழ் படித்தது இந்தப் பக்கத்து ஊர்களில்தான். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார். ஆள் மாற மாறப் புத்தகமும் மாறியது. யாப்பருங்கலக் காரிகையைச் செங்கணத்தில் பாடம் கேட்கலாம் என்பதற்காக அவர் குடும்பமே அங்கே போய்த் தங்கியது. புத்தகம் வைத்திருந்தவர் பாடமும் சொல்லி, தங்க இடமும் கொடுத்தார். அந்த வீடுகளில் அட்டை போட்ட உறுப்பினர் முறை கிடையாது, ஆனால் நூலகம் செய்ய வேண்டிய எல்லாம் நடந்தது.

பிறகு வந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். உலகம் இன்று போற்றும் ஐந்து நூலக விதிகளை அவர் முதலில் பொதுவில் எடுத்துச் சொன்னது லண்டனிலும் அல்ல, சென்னையிலும் அல்ல. 1928 டிசம்பரில் சிதம்பரத்தில், மீனாட்சி கல்லூரியில் கூடியிருந்த ஆசிரியர்கள் முன்னால். 1931-இல் அவை நூலாக வந்தன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் கிடைக்க வேண்டும் என்பது மூன்றாவது. பல்கலைக்கழக நூலகராக இருந்துகொண்டே சென்னை நூலகச் சங்கத்தை நடத்தி, ஊர் ஊராக நூலகம் வேண்டும் என்று போராடியவர் அவர். அந்த முயற்சிகளின் பலனாக 1948-இல் சென்னை பொது நூலகச் சட்டம் வந்தது. இந்திய மாகாணங்களில் அப்படியொரு சட்டம் முதலில் வந்தது இங்கேதான். இன்றும் வீட்டுவரி கட்டும்போது கூடவே நூலக வரியும் கட்டுகிறோம். அரும்பாவூர்ப் பட்டறைக்காரரும் கட்டுகிறார்.

ஐந்து விதிகள் நூலாக வந்த அதே 1931-இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டுவண்டியில் நூலகம் அமைத்தார். அக்டோபர் 21-ஆம் தேதி மேலவாசலில் அந்த வண்டி கிளம்பியது. படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டவும் ஏற்பாடு இருந்தது. வாசகர் வரவில்லையே என்று கவலைப்படும் கல்லூரி நூலகர்கள் அந்த வண்டியை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

இப்போதும் ஆர்வம் வற்றிவிடவில்லை. பெரம்பலூரில் 2012-இல் தொடங்கிய புத்தகத் திருவிழாவுக்குக் கூடிய கூட்டத்தைப் பார்த்தவர்கள், இது பின்தங்கிய மாவட்டம், இங்கே யார் புத்தகம் வாங்கப்போகிறார்கள் என்று பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

எடுத்துக்கொள்ளாமல் சேகரிப்பது

கல்லூரி நூலகம் கைவினைஞர்களோடு என்ன செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலும் பக்கத்திலும் நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன.

கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்தது புத்தகம் மட்டும் அல்ல. நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ், துண்டுப் பிரசுரம் என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதை எல்லாம் சேர்த்தார். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியபோது அதை அமெரிக்காவுக்கு எடுத்துப்போகவில்லை. சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக வைத்தது. இன்று தரமணியில் இருக்கும் அந்த நூலகத்தில் ஆராய்ச்சியாளர்களோடு, கண்காட்சி பார்க்கவும் சொற்பொழிவு கேட்கவும் வரும் பொதுமக்களும் இருக்கிறார்கள். அரும்பாவூர் அளவு நோட்டு போன்ற தாள்களுக்கு ஆவண மதிப்பு உண்டு என்பதற்கு அந்த நூலகமே சாட்சி.

புதுச்சேரியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. பிரிட்டிஷ் நூலகத்தின் ‘அழியும் ஆவணங்கள்’ திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஊர்களில் குடும்பங்களிடம் இருந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்புப் பத்திரங்களை அதன் ஆய்வாளர்கள் தேடிப் படியெடுத்தார்கள். பிறகு பழைய போட்டோ ஸ்டுடியோக்களின் படங்களையும் அதேபோலச் சேகரித்தார்கள். இந்தத் திட்டத்தின் முறைதான் முக்கியம். ஆவணம் இருக்கும் இடத்துக்கே கேமரா போகிறது. மூலம் உரியவரிடமே தங்குகிறது. படி மட்டும் நூலகத்துக்கு வருகிறது.

வெளிநாட்டில் இரண்டு யோசனைகள் சொல்லத்தக்கவை. டென்மார்க்கில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ‘மனித நூலகம்’: புத்தகத்துக்குப் பதில் ஒரு மனிதரை அரைமணி நேரம் ‘இரவல்’ வாங்கி, எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். இன்று பல நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்கள் இதை நடத்துகின்றன. அமெரிக்காவில் நெவாடா பல்கலைக்கழகத்தின் ரீனோ வளாகத்தில் உள்ள டிலாமேர் நூலகம், 2012-இல் முப்பரிமாண அச்சு இயந்திரங்களை வாங்கி வைத்து, புத்தகம் படிக்கிற இடத்தில் பொருள் செய்யவும் கற்றுக்கொள்ளலாம் என்றது. அவர்கள் இயந்திரம் வாங்கி உண்டாக்கிய வசதி, பெரம்பலூர் மாவட்டத்துக் கல்லூரிகளுக்குப் பேருந்துக் கட்டணத்தில் கிடைக்கிறது.

பட்டறைக்காரரின் சந்தேகம்

இந்தக் கதைகளை எல்லாம் மாலையில் பட்டறைக்குத் திரும்பி வந்து சொன்னேன். தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே கேள்வியில் நிறுத்தினார்.

“நோட்ட போட்டோ எடுத்துக்கிட்டுப் போவீங்க. நாளைக்கு அது சிஎன்சிக்காரன் கையில இருந்தா?”

நியாயமான பயம். கணினி சொல்கிறபடி மரத்தைக் குடையும் சிஎன்சி இயந்திரம் எல்லா ஊருக்கும் வந்துவிட்டது. கதவு, நிலை, பூஜை அறைச் சட்டம் எல்லாவற்றையும் அது மணிக்கணக்கில் முடித்துத் தருகிறது. ஒட்டில்லாத முழு உருவம், தேர்ப் பொம்மை, வாகனம் இவற்றில் இன்னும் கைதான் மேலே. அந்த எல்லையைக் காக்கிற அளவுகளையும் கோடுகளையும் இணையத்தில் ஏற்றிவிட்டால் காப்பாற்றியதாக ஆகுமா, பறித்ததாக ஆகுமா? ஊர்மக்களோடு சேர்ந்து வேலை செய்யப் புறப்படும் நூலகம் முதலில் விடை கண்டுபிடிக்க வேண்டிய கேள்வி இதுதான். கண்காட்சி, விழா, பொன்னாடை எல்லாம் அதற்குப் பிறகு.

விடை கடினமானதல்ல. படி எடுப்பதற்கு முன் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். எந்தப் பக்கத்தை யார் பார்க்கலாம், எத்தனை ஆண்டுகளுக்கு மூடி வைக்க வேண்டும் என்பதைக் குடும்பமே தீர்மானிக்க வேண்டும். நூலகப் பட்டியலில் ஆசிரியர் என்ற இடத்தில் ஸ்தபதியின் பெயர் இருக்க வேண்டும், படமெடுத்த பேராசிரியரின் பெயர் அல்ல. ஒரு படி குடும்பத்துக்கும் போக வேண்டும்.

இதில் அவர்களுக்கு நேரடிப் பயனும் உண்டு. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் வந்தது, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி விண்ணப்பிக்கும்போது, பொருள் அந்த ஊரில் நெடுங்காலமாகச் செய்யப்படுகிறது என்பதற்கு வரலாற்றுச் சான்று காட்ட வேண்டும். குறியீடு ஊருக்குக் கிடைத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு கைவினைஞரும் தனித்தனியாக ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்’ என்று பதிவு செய்துகொண்டால்தான் சட்டப்படி அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை உறுதியாகும். அந்தப் பதிவுக்குப் படிவம் நிரப்ப வேண்டும், செய்யும் பொருள் பற்றிய விவரம் தர வேண்டும். பட்டறைக்காரரிடம் கேட்டேன். “குறியீடு வந்துச்சுன்னு பேப்பர்ல போட்டாங்க. நாம தனியா எழுதிக் குடுக்கணும்னு நீங்க சொல்லித்தான் தெரியுது” என்றார். வணிகவியல் படிக்கும் அவர் மருமகன் அந்தப் படிவத்தை ஒரு மணி நேரத்தில் நிரப்பிவிடுவான். படிவம் எங்கே கிடைக்கும் என்று சொல்லவும், சான்றுத் தாள்களைச் சேர்த்துக் கொடுக்கவும் ஒருவர் தேவை. அது நூலகர் வேலை. நூலகவியல் படிப்பில் அதற்குத் ‘தகவல் சேவை’ என்றே பெயர்.

என்றைக்கு, எப்படி

நிகழ்ச்சி நடத்தினால் பட்டறைக்காரர்கள் வருவார்களா என்று கேட்டேன். “ஞாயித்துக்கிழமைனா வேல இருக்கும். அமாவாசைல வைங்க. உளி தொடமாட்டோம்” என்றார். தச்சர், சிற்பி, கொத்தனார் எனக் கருவி பிடிக்கும் பலரும் அமாவாசையன்று வேலைக்கு விடுப்பு விடுவது நம் ஊர்களில் பழைய வழக்கம். கல்லூரி நாட்காட்டியில் உலகப் புத்தக தினம், தேசிய நூலகர் தினம் என்று எத்தனையோ நாட்கள் இருக்கின்றன. அந்த நாட்களில் மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடக்கும், பரிசு கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள். கைவினைஞர் வீட்டில் இருக்கும் நாள் எது என்று கேட்டு அந்த நாளில் கதவைத் திறப்பதுதான் உண்மையான தொடக்கம்.

அமாவாசையன்று என்ன செய்யலாம்? நூலகத்தின் படிப்பறையிலோ, அது தொலைவாக இருந்தால் அரும்பாவூரிலேயே ஏதாவது ஒரு பொதுக் கூடத்திலோ, இரண்டு ஸ்தபதிகளை உட்காரவைத்து மாணவர்கள் ஐந்தைந்து பேராகக் கேள்வி கேட்கலாம். வரலாற்று மாணவர் தேரின் காலத்தைக் கேட்பார். தாவரவியல் மாணவர் வாகையும் வேம்பும் எப்படி வேறுபடுகின்றன, எந்த மரத்தில் பூச்சி விழும் என்று கேட்பார். கணித மாணவருக்குத் தாலப் பகுப்பு ஒரு விகிதக் கணக்கு. வணிகவியல் மாணவர் மரம் வாங்கும் விலையையும் தேர் முடித்துக் கொடுக்கும்வரை வட்டிக்குப் பணம் புரட்டும் கதையையும் எழுதிக்கொள்ளலாம். பேச்சைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, ஸ்தபதியிடம் படித்துக் காட்டித் திருத்தி, அட்டை போட்டு அடுக்கில் வைத்தால் 736.4 நிரம்பத் தொடங்கும். முதல் நூலே அந்த மாவட்டத்தின் நூலாக இருக்கும்.

மறுபக்கமாக நூலகமும் பட்டறைக்குப் போக வேண்டும். ஒரு பெட்டியில் கோயிற்கலை நூல்கள், பழைய தேர்ச் சிற்பங்களின் படத்தொகுப்புகள் இருபது முப்பது போதும். மாதம் ஒருமுறை பெட்டியை மாற்றலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் சிற்பநூல்களைத் தேடி எடுப்பது எப்படி என்று அந்தப் பி.காம். மாணவனுக்கு யாராவது ஒருமுறை காட்டிக் கொடுத்தால், மாமாவிடம் திட்டு வாங்கும் பின்டரெஸ்ட் படங்களை விட்டுவிடுவான்.

செலவு? கைப்பேசியே கேமரா. ஆட்கள், நாட்டுநலப்பணித் திட்ட மாணவர்கள். அவர்கள் முடிக்க வேண்டிய 240 மணி நேரத்தில் இந்த வேலையும் சேரும். முதல்வர் கையெழுத்திட்ட ஒரு சுற்றறிக்கையும், அமாவாசை மாலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறந்திருக்கும் சாவியும் போதும். அந்த மாலையில் வேலை செய்யும் நூலகருக்கு ஈடுசெய் விடுப்பு கொடுக்க வேண்டும். நல்ல யோசனைகள் பல இந்தச் சின்ன விஷயத்தில்தான் சாகின்றன.

சோர்வு தரும் பக்கமும் இருக்கிறது. தனி ஒரு நூலகரின் ஆர்வத்தில் தொடங்கும் இத்தகைய வேலை அவர் மாறுதலாகிப் போனால் நின்றுவிடும். ஆகவே கல்லூரியின் எழுத்துப்பூர்வமான திட்டத்தில் இது இடம்பெற வேண்டும். பல்கலைக்கழகங்களும் நாக் போன்ற அமைப்புகளும் நூலகத்தைக் கட்டடத்தோடு மட்டும் சேர்த்து எண்ணாமல், ஊரோடு அது செய்த வேலையையும் மதிப்பெண்ணில் சேர்க்க வேண்டும். கேட்காத கேள்விக்கு எந்தக் கல்லூரியும் விடை தயாரிப்பதில்லை.

நான் பார்த்தவரையில் என் முடிவு இது. அரும்பாவூரில் அறிவுக்குப் பஞ்சமில்லை, கல்லூரி நூலகங்களில் இடத்துக்குப் பஞ்சமில்லை. வாசகர் வரவில்லை என்று நூலகம் சொல்கிறது. கூப்பிடவில்லை என்று ஊர் சொல்கிறது. முதல் அடியை எடுத்து வைக்க வேண்டியது சம்பளமும் சாவியும் கையில் இருக்கும் தரப்புதான்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கல்லூரி முதல்வர்களுக்கும் நூலகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் கல்வியாண்டு நாட்காட்டியை அச்சுக்குக் கொடுக்கும் முன் பன்னிரண்டு அமாவாசைகளையும் அதில் குறித்துவிடுங்கள். அரும்பாவூரிலிருந்து உங்கள் கல்லூரிக்கு வரும் மாணவர்களில் யார் வீட்டில் பட்டறை இருக்கிறது என்று கேட்டு அவர்கள் மூலமாக முதல் அழைப்பை அனுப்புங்கள். அந்த நோட்டின் பென்சில் கோடுகள் மங்கிக்கொண்டிருக்கின்றன. அடுத்த மதிப்பீட்டுக் குழு வரும்வரை அவை காத்திருக்காது.